சரக்கு வராத சீட்டுகள்

வெள்ளிக்கிழமைக்குள் கனடா போய்ச் சேர வேண்டிய ஒரு முழு ஆற்றின் அடித்தரை காணாமல் போனதைப் புதன்கிழமை காலையில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் போட்ட கூச்சல் துறைமுகம் வரைக்கும் கேட்டு, அங்கே நின்ற இரண்டு கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதின. நம்பாதவர்கள் எங்கள் ஊரான மொன்டெவிடியோவுக்கு வந்து அந்தக் கப்பல்காரர்களையே கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீடு ஆற்றங்கரைச் சாலைக்கு ஒரு தெரு உள்ளே இருக்கிறது. மாடியில் நான். கீழ்த்தளத்தில் இவோனும் அவளுடைய ஆட்களும். அவர்கள் கணினி விளையாட்டு தயாரிக்கிறவர்கள். துறைமுகச் சுங்க இலாகாவில் கன்டெய்னர் கன்டெய்னராகத் திறந்து பார்த்தே என் தலைமுடி கொட்டியது. ஓய்வு பெற்ற பிறகு திறந்து பார்க்க வீட்டு அலமாரிகள் மட்டுமே மிச்சம் இருந்தன. அவற்றையும் திறந்து பார்த்து முடித்துவிட்டேன். அதனால் காலையில் வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். விரட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரனை எத்தனை நாள் விரட்டுவது? கடைசியில் இவோன் மூலையில் ஒரு பழைய கணினியைப் போட்டுக் கொடுத்தாள். மரியாதைக்கு என் பெயருக்கு முன்னால் 'தோன்' சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

"தோன் ஏபெர், நீங்க எங்க விளையாட்டை விளையாடிப் பாருங்க. எங்க இடிக்குது, எங்க தொங்குதுன்னு சொல்லுங்க. குறை கண்டுபிடிக்கிறதுதான் வேலை."

எனக்குச் சொர்க்கத்தில் வேலை கிடைத்தால்கூட இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

அந்த விளையாட்டில் ஒரு டிராம் வண்டி. அது எப்போதோ ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. ஓட்டுநருக்கு மட்டும் அது தெரியாது. நீரடியில் மணி அடித்துக்கொண்டு நண்டையும் மீனையும் ஏற்றி இறக்கிக்கொண்டே போவார். கடைசிக் கட்டத்தில் இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கிற புவெனோஸ் அயர்ஸ் வரைக்கும் ஆற்றின் அடித்தரை மொத்தமும் வரும். எங்கள் ஆறு பால் விட்ட காப்பி நிறம். முழங்கை வரை கையை விட்டால் மோதிரம் மட்டுமல்ல, விரலே இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்ட ஆற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வரைய ஓர் ஆள் தேவைப்பட்டான். இவோன் போயும் போயும் எதிர்க்கரையிலிருந்து ஒருவனைப் பிடித்து வந்தாள். பெயர் காஸ்பர். அர்ஜென்டினாக்காரன்.

அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பட்டியல்.

அங்கே கோப்புகளையெல்லாம் கட்டிக் காப்பவன் யமாந்து. தாடி வைத்தவன், எதற்கும் அசையாதவன். பூகம்பம் வந்தால் "ஒருதரம் அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்க" என்பான். நான் சேர்ந்த புதிதில் என்னிடம் விளக்கினான்:

"பெருசு, இங்க ஒவ்வொரு படமும் திமிங்கலம் கனம். எல்லார் கம்ப்யூட்டர்லயும் எல்லாத் திமிங்கலத்தையும் போட்டு வைக்க முடியாது. திமிங்கலம் கிடங்குல இருக்கும். கிடங்குன்னா சர்வர். உங்க மெஷின்ல அதுக்கான சீட்டு மட்டும் இருக்கும். வேணுங்கிறப்போ சீட்டைக் காட்டி வரவழைச்சுக்கலாம்."

"சீட்டுல என்ன எழுதியிருக்கும்?"

"சீல் நம்பர். அப்புறம் எடை."

"அடப்பாவி, இது சரக்குப் பட்டியல்டா! இதைச் சொல்ல எதுக்கு உனக்குத் தாடி?"

கறுப்புத் திரையில் 'கிட் எல்எஃப்எஸ் எல்எஸ்-ஃபைல்ஸ்' என்று அடிக்கச் சொல்லிக் கொடுத்தான். அடித்தேன். மழை மாதிரி வரிகள் கொட்டின. வரிக்கு வரி முதலில் முத்திரை எண், கடைசியில் பொருளின் பெயர். நடுவில் ஒரு குறி. நட்சத்திரம் இருந்தால் சரக்கு இந்தக் கணினியிலேயே இருக்கிறது. சிறு கோடு இருந்தால் வெறும் சீட்டுதான், சரக்கு வரவில்லை. கட்டளையின் வாலில் இன்னொரு எழுத்தைச் சேர்த்தால் சீட்டில் அறிவிக்கப்பட்ட எடையும் வரும். அறிவிக்கப்பட்ட எடை! என் வாழ்க்கையின் பாதி அந்தச் சொல்லில்தான் போயிருக்கிறது. கல்யாணத்தன்றுகூட நான் இப்படிப் பூரித்ததில்லை. அன்று முதல் தினமும் காலையில் ஜெபம் சொல்வதுபோல அந்தக் கட்டளையை அடித்து, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இனி காஸ்பர்.

வந்த முதல் நாளே சந்தேகத்துக்கு இடம் கொடுத்தான். எங்கள் இடத்தில் காலையில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். எங்கள் ஊர்க் கசப்புத் தேநீரான மாத்தேயின் இலை நிரப்பிய சுரைக்குடுக்கையில் நான் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பேன். ஒருவர் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுக்க, அடுத்தவருக்கு ஊற்றுவேன். ஒரே குடுக்கை, ஒரே குழல். வேலைப் பேச்செல்லாம் அந்த வட்டத்தில்தான். எந்தப் படத்தில் யார் கை வைத்திருக்கிறார்கள், எது உடைந்து கிடக்கிறது, எந்தக் கதவை உதைத்துத் திறக்க வேண்டும், எல்லாம் குடுக்கையோடு சேர்ந்து சுற்றும். ஒரு வரி எழுதி வைப்பதில்லை. எதற்கு எழுத வேண்டும், தினமும் வாயால் சொல்கிறோமே என்பார்கள்.

காஸ்பரின் முறை வந்தது. குடுக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, சிரித்த முகமாகக் கேட்டான்:

"சர்க்கரை இருக்கா?"

சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் நின்றுவிட்டது. யமாந்து கண்ணை மூடிக்கொண்டான். இவோன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மாத்தேயில் சர்க்கரை போடுகிறவர்கள் எதிர்க்கரையில் உண்டு என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அப்படி ஒருவன் என் வீட்டுக்குள்ளேயே, என் குடுக்கையைப் பிடித்துக்கொண்டே கேட்பான் என்று எதிர்பார்க்கவில்லை. குடுக்கையில் ஒருதரம் சர்க்கரை இறங்கினால் அது ஜென்மத்துக்கும் தேறாது. மறுநாள் முதல் அவன் தன் மேஜையில் தன் குடுக்கை, தன் சர்க்கரை என்று தனியாகக் குடித்தான். நான் விலக்கி வைத்தேன் என்று சொல்கிறார்கள். அபாண்டம். வட்டத்தில் ஒரு நாற்காலி குறைந்தது, அவ்வளவுதான்.

தனியாகக் குடிக்கிறவனைக் கவனிக்காமல் இருக்க முடியுமா? கவனித்தேன். காதை மூடும் கருவி மாட்டிக்கொண்டு வரைவான். மாலையானால் வாசற்படிக்குப் போய்க் கைபேசியில் குசுகுசுவென்று பேசுவான். வாரக் கடைசியில் படகேறி அந்தப் பக்கம் போய்விடுவான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசியாகக் கிளம்பியபோது அவன் அக்குளில் ஒரு தட்டையான அட்டைப் பெட்டி இருந்தது. "சொந்த வேலை, நாளைக்கு மத்தியானம் வந்துடறேன்" என்று இவோனிடம் சொன்னான். சொந்த வேலையாம். பெட்டியை நூல் போட்டுக் கட்டியிருந்தான். நூல் போட்டுக் கட்டிய பெட்டியில் யோக்கியமான பொருள் இருந்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே கிடையாது.

புதன்கிழமை காலை வழக்கம்போலப் பட்டியலை அடித்தேன். 'ஆற்றடி' என்று தொடங்கும் வரிகள் எல்லாவற்றிலும் சிறு கோடு. அது பெரிதல்ல, நான் இன்னும் வரவழைக்கவில்லை என்று அர்த்தம். கடைசிக் கட்டத்தை விளையாடிப் பார்க்கலாம் என்று சீட்டைக் காட்டிச் சரக்கை வரவழைத்தேன். கிடங்கு பதில் சொன்னது: அப்படி ஒரு பொருள் இங்கே இல்லை.

இன்னொரு வரி. இல்லை. இன்னொன்று. இல்லை. எடையைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கப்பலைக் கவிழ்க்கும் எடை அறிவிக்கப்பட்டிருந்தது. சீட்டு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, எடை இருக்கிறது, உள்ளே காற்று!

அப்போதுதான் அந்தக் கூச்சலைப் போட்டேன்.

"கள்ளக்கடத்தல்! யாரும் நகரக் கூடாது! கதவைச் சாத்துங்க!"

யமாந்து மெதுவாக எழுந்து வந்தான். "என்ன பெருசு, மறுபடியும் டிராம் சுவத்துக்குள்ள மாட்டிக்கிச்சா?"

"டிராம் ஓடறதுக்குத் தரையே இல்லடா!"

சிரித்தபடி என் கணினியில் இரண்டு கட்டளை அடித்தான். சிரிப்பு தாடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. தன் கணினிக்குப் போய்ப் பட்டியல் எடுத்தான். கோடு, கோடு, கோடு. இவோனின் கணினியில் எடுத்தான். அங்கேயும் கோடு. கிடங்குக்குள்ளேயே நுழைந்து தேடினான். மற்ற கட்டங்களின் படங்களெல்லாம் குத்துக்கல்லாக இருந்தன. ஆற்றடி மட்டும் ஒன்றுகூட வந்து சேர்ந்த தடமே இல்லை.

"எப்படி இவ்வளவு நாள் தெரியாம போச்சு?" என்றாள் இவோன். அவள் குரல் மெலிந்துவிட்டது. "வாரா வாரம் பார்த்தோமே. அழகா இருந்துச்சே."

"காஸ்பரோட திரையில பார்த்தோம்" என்றான் யமாந்து. "நம்ம மெஷின்ல யாரும் இறக்கிப் பார்க்கல. அவங்கவங்க கட்டத்துலயே கிடந்தோம்."

இவோன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். விளையாட்டை வெளியிடுகிற கனடாக்காரர்கள் ஏற்கெனவே ஒருமுறை கெடுவைத் தள்ளிப் போட்டவர்கள். வெள்ளிக்கிழமை முழு விளையாட்டும் கைக்கு வராவிட்டால் ஒப்பந்தம் கிழிந்தது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். கிழிந்தால் இவோன் கடையை மூட வேண்டியதுதான். இதற்காக அவள் தன் காரை விற்றிருந்தாள், பற்களைக் கடித்துக் கடித்தே ஒரு கடைவாய்ப் பல்லையும் இழந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் வழக்கு அவ்வளவு ருசியாக இருந்தது, நான் என்ன செய்ய?

"பீச் பழ டின்னுன்னு அறிவிச்சு ஒரு கன்டெய்னர் வந்துச்சு" என்று தொடங்கினேன். "எடை சரி, சீல் சரி. திறந்தா செங்கல்! அப்புறம் ஒரு முழுக் கப்பலே வந்துச்சு, காகிதத்துல கோதுமை, உள்ள பார்த்தா கேப்டன் மட்டும்..."

"தோன் ஏபெர்!"

"விஷயத்துக்கு வர்றேன்மா. சரக்கு அனுப்பாம சீட்டை மட்டும் அனுப்பறவன் சரக்கை வேற எங்கயோ அனுப்பறான். அந்த அட்டைப் பெட்டி! நேத்து சாயங்காலம் அது உன் கண்ணு முன்னாலதான் போச்சு. அதுக்குள்ள ஆறு இருந்துச்சு."

"ஒரு ஹார்டு டிஸ்க் உள்ளங்கை அளவுதான்" என்றான் யமாந்து.

"அதைச் சுத்திப் பஞ்சு வெச்சிருப்பான்டா!"

இவோன் காஸ்பரைக் கைபேசியில் கூப்பிட்டாள். மணியே போகவில்லை. மீண்டும் கூப்பிட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் நகத்தைக் கடித்தாள். அதுவரை அவள் காஸ்பரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. இப்போது தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: "போன வாரம் ஏதோ ஒரு கம்பெனி பேரைச் சொன்னான். அங்க நல்ல சம்பளமான்னு கேட்டான்."

"புவெனோஸ் அயர்ஸ் கம்பெனியா?"

"ஆமா."

"பாத்தியா!"

"என் நாற்காலி நல்லா இருக்குன்னும் ஒருநாள் சொன்னான்" என்றான் யமாந்து. சந்தேகம் மாத்தேயைவிட வேகமாக வட்டம் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் காஸ்பர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததற்குக்கூட எங்களுக்குக் காரணம் புரிந்துவிட்டது. மாடிப்படியில் காணாமல் போயிருந்த விளக்கையும் அவன் கணக்கிலேயே எழுதினோம்.

காஸ்பரின் கணினி அவன் மேஜையில் பாஸ்வேர்ட் பூட்டோடு நின்றது. அந்த இடத்திலேயே பலமான இயந்திரம் அது ஒன்றுதான். இவோன் எழுந்தாள். முடிவெடுத்துவிட்டால் அவள் ராணுவம்.

"புந்தா கரேத்தாஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஓவியர் ஒருத்தர் இருக்கார். மத்தியானம் வரச் சொல்றேன். ஆறு மாதிரி ஏதாவது வரைஞ்சு கொடுப்பார். சேறுதானே, சேறு மாதிரி இருந்தாப் போதும். அவருக்குப் பெரிய மெஷின் வேணும். யமாந்து, அதை மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக் கொடு."

"மொத்தமாவா?"

"பூட்டைத் திறக்க முடியுமா உன்னால?"

"முடியாது."

"அப்போ மொத்தமா."

யமாந்து பென் டிரைவை எடுத்துக்கொண்டு காஸ்பரின் கணினிக்குப் போனான். செருகினான். அணைத்துப் போடுவதற்காக விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனான். நான் அறையைக் குறுக்கே பறந்து கடந்து, அந்த விசைப்பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வலிக்காரன் எப்படிப் பறந்தேன் என்று கேட்காதீர்கள். பறந்தேன்.

"என்ன பெருசு இது?"

"சரக்கை அழிக்கறதுக்கு முன்னால உடைமைக்காரன் எதிர்ல நிக்கணும். அதுதான் துறைமுக வழக்கம். அவன் இல்லாம சீலை உடைச்சா நாளைக்கு அவன் என்ன வேணாலும் சொல்லுவான். உள்ள வைரம் இருந்துச்சும்பான், பாட்டி சமாதி இருந்துச்சும்பான்."

"இது கம்ப்யூட்டர். பீச் டின் இல்ல. எந்திரிங்க."

"எந்திரிக்க மாட்டேன். மத்தியானம் வந்துடறேன்னு சொல்லிட்டுத்தானே போயிருக்கான்? வரட்டும்."

"வருவான்னு நம்பறீங்களா?" என்றாள் இவோன்.

"திருடன் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பான்மா. அது அவனுக்குப் பசி மாதிரி."

நீதி நியாயத்துக்காக நான் அங்கே உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அகப்பட்டுக்கொள்ளும்போது அவன் முகம் எப்படி வெளுக்கும் என்பதை நேரில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான். பெட்டியைத் திறக்கும் கணத்தில் எதிரே நிற்பவனின் முகம் இருக்கிறதே, அதற்கு இணையான காட்சியை எந்தத் திரையிலும் காட்ட முடியாது. ஓய்வு பெற்ற பிறகு அந்த முகம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

என் பின்புறம் அழுத்தியதில் திரையில் புள்ளி புள்ளியாக நிரம்பி, பாஸ்வேர்ட் தவறு, பாஸ்வேர்ட் தவறு என்று கணினி கதறிக்கொண்டே இருந்தது. யமாந்து என் கையைப் பிடித்து இழுத்தான். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். இவோன் என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்க இன்னும் ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வாசற்கதவு திறந்தது.

"தோன் ஏபெர், என் கீபோர்டு மேல ஏன் உக்காந்திருக்கீங்க?"

படகுக் காற்றில் கலைந்த தலையோடு காஸ்பர் நின்றான். கையில் பெட்டி இல்லை.

"பெட்டி எங்கே?" என்றேன்.

"எந்தப் பெட்டி?"

"நூல் கட்டின பெட்டி! எவன்கிட்ட கொடுத்தே?"

"என் பொண்ணுகிட்ட. பறக்க விடற பட்டம் அது. நேத்து அவளுக்குப் பொறந்தநாள். அவ அவங்கம்மாகூட அங்க இருக்கா." அவன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

"தினமும் சாயங்காலம் வாசப்படியில குசுகுசுன்னு யார்கிட்ட பேசறே?"

"அவகிட்டதான். வாய்ப்பாடு ஒப்பிப்பா. ஏழாம் வாய்ப்பாடு வரமாட்டேங்குது."

ஏழாம் வாய்ப்பாட்டைக் குசுகுசுவென்று பேச என்ன அவசியம்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை. பட்டம் தட்டையானதுதான், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

இவோனுக்குப் பட்டம் பற்றிய அக்கறை இல்லை. "காஸ்பர், ஆற்றடி எங்கே?"

"கிடங்குல."

"இல்ல."

"தினமும் அனுப்பறேனே. முடிச்சதும் அனுப்பிட்டுத்தான் எந்திரிப்பேன். போயிடுச்சுன்னு அதுவே சொல்லும்."

"உன் மெஷினைத் திற."

நான் எழுந்து இடம் கொடுத்தேன். ஆனால் அவன் முகம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நின்றுகொண்டேன். அவன் பாஸ்வேர்ட் அடித்தான். யமாந்து குனிந்து பட்டியல் கட்டளையைப் போட்டான். ஆற்றடி வரிகள் இறங்கின. ஒவ்வொன்றின் நடுவிலும் நட்சத்திரம். தெளிவான இரவில் வயல்வெளி வானத்தைப் பார்ப்பதுபோலத் திரை முழுக்க நட்சத்திரம்.

"பதுக்கல்!" என்று கத்தினேன். "எல்லாத்தையும் இங்கயே பதுக்கி வெச்சிருக்கான்!"

யமாந்து மட்டும் கத்தவில்லை. தாடியைச் சொறிந்தான். "காஸ்பர், நீ அனுப்பறப்போ எத்தனை கட்டளை போடறே?"

"ஒண்ணு. வேற எத்தனை போடணும்?"

"ரெண்டு. முதல்ல சீட்டு போகும். அப்புறம் சரக்கை நாமளே கையால தனியா அனுப்பணும். மத்த இடத்துல அது தானா போயிடும். இங்க நான் ஒரு மாத்தம் பண்ணினதுல அந்தத் தானியங்கி அறுந்து போச்சு. சரி பண்ண நேரமில்ல. அதான் ரெண்டாவது கட்டளை."

"இதை யாரும் எனக்குச் சொல்லலயே."

"எல்லாருக்கும் சொல்லியாச்சே. நீ வந்த வாரந்தான் சொன்னேன்."

"எங்க சொன்னே?"

இவோனும் யமாந்துவும் மெதுவாகத் திரும்பி என் வெந்நீர்க் குடுவையைப் பார்த்தார்கள். நான் கூரையில் ஒரு விரிசலைக் கவனித்தேன். அதைப் பூச வேண்டும்.

"மாத்தே வட்டத்துல" என்றான் யமாந்து.

"நான் வட்டத்துல இல்ல" என்றான் காஸ்பர்.

சர்க்கரைதான் குற்றவாளி என்று நான் அப்போதே விளக்கினேன். இனிப்பு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள் என்றேன். யாரும் பார்க்கவில்லை. காஸ்பரின் கண் கணினியின் பக்கவாட்டில் நின்றுவிட்டது.

"இது என்ன பென் டிரைவ்?"

தெருவில் குப்பை வண்டி போயிற்று. கடைசியில் யமாந்துதான் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது. "உன் மெஷினை அழிக்கப் போனோம்."

காஸ்பர் திரையைப் பார்த்தான், பென் டிரைவைப் பார்த்தான். மாதக்கணக்கில் வரைந்த ஆறு முழுக்க அந்த ஒரே இயந்திரத்தில் மட்டும் இருந்தது. அது போயிருந்தால் உலகத்தில் வேறு எங்கும் இல்லை. நான் காத்திருந்த முகம் அப்போது வந்தது. வெளுத்தே போயிற்று. ஆனால் அகப்பட்டவன் முகமல்ல அது, பறிகொடுக்க இருந்தவன் முகம். அதைப் பார்ப்பதில் ஒரு ருசியும் இல்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவன் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கையைக் கட்டிக்கொண்டான்.

"ரெண்டாவது கட்டளை போடறேன். ஆனா இப்பப் போட மாட்டேன். என்னைப் பத்தி என்னென்ன நினைச்சீங்கன்னு ஒவ்வொருத்தரா என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. எதையும் விடக் கூடாது. அப்புறம் போடறேன்."

"காஸ்பர், நேரமில்லப்பா" என்றாள் இவோன்.

"சீக்கிரம் சொன்னாச் சீக்கிரம் போகும்."

இவோன் சொன்னாள், எதிர்க்கரைக் கம்பெனியைப் பற்றி, சம்பளம் பற்றி. சொல்லச் சொல்ல அவள் காது சிவந்தது. "அது என் தம்பி வேலை பார்க்கிற கம்பெனி. அவனை ஏமாத்தறாங்களோன்னு கேட்டேன்" என்றான் அவன். யமாந்து தன் நாற்காலியைப் பற்றிச் சொன்னான். "நாற்காலியா?" "நாற்காலிதான்." "அதுல ஒரு கால் ஆடுதுடா, அதைத்தான் கிண்டல் பண்ணேன்."

என் முறை வந்தது. மற்றவர்கள் ஒளித்து மறைத்துத் திணறினார்களே, நான் அப்படியா? நிமிர்ந்து நின்று சொன்னேன். பெட்டிக்குள் ஆறு, பெட்டியைச் சுற்றிப் பஞ்சு, படகில் காத்திருந்த கூட்டாளி, அவனுக்கு ஒரு கண் இல்லை, மாடிப்படி விளக்கு, ஜன்னலிலிருந்து எதிர்க்கரைக்குக் கண்ணாடியால் காட்டிய சமிக்ஞை, அர்ஜென்டினா கடற்படை. கடற்படை அந்தக் கணத்தில்தான் தோன்றியது, ஆனாலும் பொருத்தமாக இருந்ததால் சேர்த்துக்கொண்டேன். காஸ்பர் முதலில் முறைத்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண் கூட்டாளி வந்தபோது அவன் உதடு கோணியது. கடற்படை வந்தபோது மேஜையில் தலையை வைத்துவிட்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று கடைசிவரை எனக்குச் சந்தேகம்தான்.

"நீங்க எதுக்கு என் கீபோர்டுல உக்காந்தீங்க?" என்றான் தலையைத் தூக்காமலே.

"அழிக்க விடாம தடுத்தது அவர்தான்" என்றாள் இவோன்.

"எதுக்கு?"

"நீ மாட்டிக்கிறதைப் பார்க்க" என்றேன். பொய் சொல்ல எனக்கு வரும், ஆனால் அன்றைக்கு அலுப்பாக இருந்தது.

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி, யமாந்து சொல்லச் சொல்ல, இரண்டாவது கட்டளையைப் போட்டான்.

திமிங்கலங்கள் நகரத் தொடங்கின. எங்கள் தெருவின் இணைய இணைப்பு கிழட்டுக் கழுதை. அத்தனை கனத்தையும் அது ஒன்றன்பின் ஒன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு போனது. புதன் போய் வியாழனும் வந்தது. காஸ்பர் அந்தக் கணினியை விட்டு அசையவே இல்லை. எங்களை ஓர் அடி பக்கத்தில் விடவில்லை. யமாந்து தண்ணீர் கொண்டுபோய் வைத்தால் முகர்ந்து பார்த்தான். இவோன் பேக்கரியிலிருந்து வாங்கி வந்த பிஸ்கோச்சோ பன்னை, அவள் ஒன்று தின்ற பிறகுதான் தொட்டான். கழிப்பறைக்குப் போகும்போது விசைப்பலகையைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனான். இப்படி ஒரு சந்தேகப் பிராணி சுங்க இலாகாவுக்கு வாய்த்திருந்தால் துறைமுகத்தில் ஓர் ஊசி தப்பியிருக்காது. எனக்கு அவன்மேல் மரியாதை வந்துவிட்டது.

வியாழன் மாலை கடைசித் திமிங்கலமும் கிடங்கு சேர்ந்தது. சேர்ந்தது என்று காஸ்பர் நம்பவில்லை. "யமாந்து மெஷின்ல இறக்கு. பட்டியல் எடு. என் கண்ணுக்கு முன்னால" என்றான். இறக்கினோம். எடுத்தோம். காஸ்பர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். எல்லாம் நட்சத்திரம். அதற்குப் பிறகும் அவன் என் மூலைக் கணினியில் ஒருமுறை எடுத்துப் பார்த்தான். இவோன் அவன் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு விளையாட்டைப் பெரிய திரையில் போட்டோம். டிராம் மணியடித்துக்கொண்டு கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்தது. இத்தனை வருஷமாக அந்த ஆற்றங்கரையில் நடந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் முதல்முறையாக அதன் அடியைப் பார்த்தேன். சேற்றுக்குள் விளக்கு எரிகிற சன்னல்கள், கவிழ்ந்த கப்பலுக்குள் தோட்டம், நங்கூரச் சங்கிலியில் துணி காயப் போடும் நண்டுகள். யமாந்துகூட அசைந்து உட்கார்ந்தான்.

டிராம் ஒரு வளைவில் நின்றது. எதிரே பெரிய கெளுத்தி மீன் ஒன்று வழியை மறித்தது. தொந்தி. தலையில் சுங்கத் தொப்பி. செட்டைக்கு அடியில் வெந்நீர்க் குடுவை. ஏறுகிற ஒவ்வொரு சிப்பியையும் பலவந்தமாகத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் மூடியது.

இவோன் இருமினாள். யமாந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், முதுகு மட்டும் ஆடியது.

"இது யாரு?" என்றேன்.

"மீனு" என்றான் காஸ்பர்.

"எப்ப வரைஞ்சே இதை?"

"வந்த மறுநாள்."

"மீசை கொஞ்சம் அதிகம்."

"கெளுத்திக்கு மீசை பொறவியிலேயே உண்டு, தோன் ஏபெர்."

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் கனடா போய்ச் சேர்ந்தது. அவர்கள் சந்தோஷமாகப் பதில் போட்டார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: அந்த மீனுக்குப் பெயர் உண்டா, பொம்மையாகச் செய்து விற்கலாமா? இவோன் என்னிடம் கடிதத்தை நீட்டினாள். நான் சம்மதம் சொல்லிவிட்டேன், மீசை உண்மையான அளவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. காஸ்பர் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிறான் என்றால் ஏதோ இருக்கிறது. பொம்மை வரட்டும், நானே பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.